அஸ்மராப் பெண்கள் சமைக்காத நாள்

அன்பு மகனுக்கு,

ரூத்தை நீ முதன்முதலாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த ஞாயிற்றுக்கிழமை, நான் முதலில் கவனித்தது அவளுடைய நிறத்தையோ தலைமயிரையோ அல்ல. ஆளுக்கொரு தட்டு வைத்துப் புட்டும் மீன்குழம்பும் போட்டிருந்தேன். அவள் தன் தட்டைக் கையால் மெல்லத் தள்ளி மேசையின் நடுவுக்குக் கொண்டுபோனாள். பிறகு தான் செய்தது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், வெட்கப்பட்டு அதைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நீ அதைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேனோ என்ற பயத்தில் நீ வானிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாய். நான் அவளிடம், "உங்கள் அம்மா அஸ்மராவோ?" என்று டொச் பாஷையில் கேட்டேன். அவள் வாயில் வைத்த புட்டை விழுங்காமல் என்னைப் பார்த்தாள். அன்று பின்னேரம் நீ, "அம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். சும்மா கேட்டேன் என்று சொல்லி விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் கலியாணத்தைப் பற்றித் தாஸ் பெரியப்பா, "அந்த ஆக்களோட ஒரே மண்டபத்தில இருந்து சாப்பிட என்னால ஏலாது" என்று சொன்னாராம். ரூத்தின் பக்கத்திலும் ஒரு மாமா இதையே அவர்களுடைய பாஷையில் சொன்னாராம். ஆகவே மண்டபமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம், நீங்கள் இருவரும் இரண்டு சிநேகிதரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டஸ்அம்ட் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வரப் போகிறீர்கள் என்று போனில் சொன்னாய். "ஒருத்தருக்கும் தலையிடி இல்லை, அம்மா" என்றாய். அந்த ஒரு வசனத்துக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ "ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். எனக்கும் எழுதினால்தான் நினைத்தது வரும்.

நான் ஜேர்மனிக்கு, இந்த எசன் நகரத்துக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியை நல்லவர்தான், ஆனால் அவர் என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டால் முழு வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அந்தத் தலைகளைக் கண்டதும் எனக்குத் தெரிந்த நாலு டொச் சொல்லும் பறந்துவிடும். இடைவேளை விட்டால் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு மணி அடிக்கும்வரை நிற்பேன். அந்தக் காலத்தில் எங்களைப்போல அகதியாக வந்த பிள்ளைகளை வரத்தான் வேண்டும் என்று யாரும் இழுக்கவில்லை. ஒரு நாள் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, அவ்வளவுதான் என் படிப்பு. நீ பதினோராம் வகுப்பில் பள்ளியை விடப்போகிறேன் என்று சொன்ன அன்று நான் ஏன் வீடு அதிரக் கத்தினேன் என்று உனக்கு இப்போது விளங்கும். பேசாமல் ஒரு இடத்தை விட்டுப் போவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீ ஸ்டாண்டஸ்அம்ட் என்று சொன்னபோதும் என் காது விறைத்தது.

வேலை அனுமதி வந்ததும் ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கட்டில் விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரண்டு முனையைப் பிடிக்க, மற்றவர் மற்ற இரண்டு முனையோடு நடந்து வர வேண்டும். என் மறுமுனையில் செலாம் என்ற எரித்திரியப் பெண் நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சிறு பிள்ளையாகச் சூடானுக்கு ஓடி, அங்கிருந்து இங்கே வந்தவள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த டொச் மட்டும்தான். உடைந்த பாஷைக்கு முன்னால் எனக்குக் கூச்சம் வரவில்லை, அவளும் என்னைப்போலப் பிழையாகத்தான் கதைத்தாள். இருந்தாலும் முதல் கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. "கல்லை எறிந்தால்கூடச் சத்தம் வரும், நீ அதைவிட மோசம்" என்றாள். மத்தியானம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, அவள் தன் பெட்டியைக் கொண்டுவந்து எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். "தனிய இருந்து சாப்பிடுகிறவர் களவெடுத்துக்கொண்டு வந்தவர்போல இருப்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே தட்டுத்தான்" என்றாள். ரூத்தின் கை தட்டைத் தள்ளியபோது எனக்குத் தெரிந்தது அதுதான்.

அந்த வருடம் அவர்களுடைய நாட்டுக்கு விடுதலை கிடைத்திருந்தது. செலாம் வேலைக்கு ஆடிக்கொண்டு வருவாள். விரிப்பை உதறும் ஒவ்வொரு முறையும் தங்கள் தலைநகரமான அஸ்மராவைப் பற்றி ஏதாவது சொல்லுவாள். மேகம் காலில் தடக்குகிற உயரமாம். வெயில் இருக்குமாம், வேர்க்காதாம். இத்தாலிக்காரர் கட்டிய படமாளிகைகளும் கோப்பிக்கடைகளும் இருக்கின்றனவாம், பின்னேரமானால் ஊர் முழுவதும் உடுத்திக்கொண்டு பெரிய தெருவில் மேலும் கீழுமாக நடக்குமாம். "அப்போ இத்தாலிக்காரர்தான் அந்த நகரத்தை உண்டாக்கினார்களோ?" என்று நான் கேட்டேன். விரிப்பின் மறுமுனையைக் கீழே போட்டுவிட்டாள். "அவர்கள் பானைக்கு மூடி செய்தார்கள். பானை எங்களுடையது" என்றாள். பிறகு பானை வந்த கதையைச் சொன்னாள்.

அந்த மேட்டு நிலத்தில் முதலில் நாலு ஊர்கள் இருந்தனவாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஆனால் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத ஊர்கள். கொள்ளைக்காரர் வந்து ஒரு ஊரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனால் மற்ற மூன்று ஊரும் கதவைச் சாத்திக்கொண்டு, அவனுக்கு நல்லா வேணும் என்று இருக்கும். அடுத்த முறை அவர்களுடைய மாடு போகும். கடைசியில் நாலு ஊர்ப் பெண்களும் ஒன்றுகூடினார்கள். "எங்கே கூடினார்கள்?" என்று கேட்டேன். "தண்ணீர் அள்ளுகிற இடமாகத்தான் இருக்கும். பெண்களுக்கு வேறு எந்த இடம் இருந்தது?" என்றாள். நீங்கள் ஒன்றுசேரும்வரை உங்களுக்குச் சாப்பாடு இல்லை என்று ஆண்களிடம் சொல்லிவிட்டார்கள். நாலு ஊரிலும் புகை எழும்பவில்லை. பசித்த ஆண்கள் ஒரே இடத்தில் வந்து இருந்தார்கள், கதைத்தார்கள், நாலு ஊரும் ஒன்றானது. கொள்ளைக்காரர் அடுத்த முறை வந்தபோது அடி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த நாலு ஊர் சேர்ந்த ஊருக்குத்தான், பெண்கள் ஒன்றாக்கினார்கள் என்ற பொருளில், அஸ்மரா என்று பெயர் வந்தது. பிறகு படை வந்தது, சந்தை வந்தது, இத்தாலிக்காரர் வந்து தலைநகரமாக்கினார்கள். நூலகத்தில் நான் பின்னாளில் எடுத்துப் பார்த்த புத்தகங்கள் பெரும்பாலும் இத்தாலிக்காரரில்தான் தொடங்கின. பெண்கள் சோறு போடாததை, அப்படி ஒரு கதையும் உண்டு என்று ஒரு வரியில் தாண்டிவிட்டன. நடந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நகரம் தன் பிறப்பை இப்படிச் சொல்லிக்கொள்ள விரும்புகிறது என்பதே எனக்குப் போதும்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். அடுத்த கோடையில் என் அக்காவுக்கு, உன் ஸ்டெல்லா பெரியம்மாவுக்கு, அன்ரன் பெரியப்பாவோடு கலியாணம் நிச்சயமானது. எங்கள் அப்பா எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். மாப்பிள்ளையின் அண்ணர் தாஸ், அவர்களுடைய ஊர்ச் சங்கத்தின் தலைவர். இரண்டு ஊருக்கும் யாழ்ப்பாணத்தில் நடுவே ஒரு வயல்வெளிதான். இரண்டும் எசனுக்கு வந்து இரண்டு சங்கமாகி, இரண்டு விளையாட்டுப் போட்டி, இரண்டு கிறிஸ்மஸ் ஒளிவிழா வைத்துக்கொண்டிருந்தன. கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண்கள் எல்லோரும் குசினிக்குள் நின்று விருந்துக்கு மீன் ரோல்ஸ் செய்துகொண்டிருந்தோம். ஆண்கள் முன்னறையில் வீடியோக்காரப் பெடியனை நடுவில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி ஒழுங்கு பார்த்தார்கள். உனக்கு அந்தக் காலத்து வீடியோவின் மரியாதை தெரியாது. கலியாணம் ஒரு நாள்தான், கசெற் கனடாவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய் வருடக்கணக்காக ஓடும். அந்தக் கசெற்றில் முதல் வாழ்த்துரை எந்தச் சங்கத்தின் தலைவர் சொல்வது என்பதில் பிடித்துக்கொண்டார்கள்.

"பொம்பிளை எங்கட வீடு. முதல் பேச்சு எங்கட" என்றார் அப்பா.

"எங்கட சங்கமெல்லோ மூத்த சங்கம்" என்றார் தாஸ் அண்ணை.

"மூத்ததெண்டால் பென்சனுக்குப் போகட்டும்."

"அப்பிடியோ? அப்ப பொம்பிளையையும் நீங்களே வைச்சிருங்கோ. தம்பி, எழும்பு, போவம்."

குசினிக்குள் எல்லாக் கையும் நின்றுவிட்டது. அன்ரன் அத்தான் எழும்பவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அழவில்லை. ரோல்ஸ் ஒன்றை எடுத்துச் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். அவள் இந்த மனுசனுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜுக்குள் மாதக்கணக்காகக் கிடந்து, எத்தனையோ நாடு சுற்றி வந்து சேர்ந்தவள். இந்தக் கலியாணம் நின்றால் அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு நினைக்கவே பயமாக இருந்தது.

தாஸ் அண்ணையின் மனைவி ராணி அக்கா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றார். "எங்கட ஆம்பிளையளை ஒண்டாக்க அந்தோனியார்தான் இறங்கி வரவேணும்" என்றார்.

"அஸ்மராவில பொம்பிளையள்தான் ஒண்டாக்கினவை" என்று நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"எங்க?"

"அஸ்மரா."

"அது எங்க கிடக்கு? வவுனியாப் பக்கமோ?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வகுப்பில் திரும்பியதைப்போலவே. ஆனால் அக்காவின் கை இன்னும் அந்த ஒரே ரோல்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தது, அதனால் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதையைச் சொல்லி முடித்தேன். ராணி அக்கா அடுப்பை அணைத்தார். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். "இஞ்சாருங்கோ, எல்லாருக்கும் சொல்லுறன். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு கதைக்கு வரும்வரைக்கும் இந்த வீட்டில சாப்பாடு இல்லை."

முன்னறையில் சப்பாத்துப் போடுகிற சத்தம் கேட்டது. போய்விட்டார்கள். முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது எல்லோரிலும் பொரித்த எண்ணெயும் மயோனேசும் மணந்தது. கீழே மூலையில் இருந்த இம்பிஸ் சாப்பாட்டுக் கடையில் எங்கள் சங்கம் ஒரு மேசையிலும் அவர்களுடைய சங்கம் மற்ற மேசையிலும் நின்று உருளைக்கிழங்குப் பொம்மஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கினார்கள்.

"பிள்ளை, உன்ர அஸ்மராவில இம்பிஸ் இல்லைப் போல" என்றார் ராணி அக்கா. பெண்கள் சிரித்தார்கள். அக்காகூடச் சிரித்தாள், ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

எனக்குக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இரண்டு அடி வைத்துவிட்டேன். அப்போதுதான் யோசித்தேன். அஸ்மராவின் ஆண்களுக்குப் பெண்களிடம் மட்டும் கிடைத்தது சாப்பாடு, அதனால் அந்தப் பெண்கள் அதை நிறுத்தினார்கள். எங்கள் ஆண்களுக்குச் சாப்பாடு மூலையில் கிடைக்கிறது. எங்களிடம் மட்டும் கிடைப்பது என்ன? கனடாவிலிருந்து வந்த கலியாணக் கசெற்றுகளை நாங்கள் பார்க்கிற விதம் நினைவுக்கு வந்தது. சீலை வந்தால் நிறுத்திப் பார்ப்போம். ஆர் மெலிந்தது, ஆர் கொழுத்தது, ஆருடைய தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கதைப்போம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு மீசை வந்து நின்றால் உடனே ஓட்டிவிடுவோம்.

"ராணி அக்கா, நாங்கள் ஒருத்தரும் வீடியோவில நிக்காமல் விட்டால்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் குனியவில்லை. "சமைப்பம், வருவம், மாதாவைக் கும்பிடுவம். கமெரா வந்தால் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிப்பம். அவையள் ரெண்டு பேரும் எவ்வளவு நேரமெண்டாலும் பேசட்டும்."

ராணி அக்கா இந்த முறை என்னையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். நான் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, "ரொறொன்ரோவில இருக்கிற உங்கட தமக்கை உங்கட மீசையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்" என்றும் தாஸ் அண்ணையைப் பார்த்துச் சேர்த்தார்.

"விசர்க் கதை" என்றார் தாஸ் அண்ணை.

ஆனால் வீடியோக்காரப் பெடியன் எழும்பிவிட்டான். "அண்ணை, பொம்பிளையள் இல்லாமல் கலியாணக் கசெற் நான் எடுக்க மாட்டன். பேந்து ஒருத்தரும் என்னைக் கூப்பிடாயினம்."

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் அதுவரை ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லைத் தவிர அதிகம் கதைக்காத மகள் முன்னறை நடுவில் நிற்கிறாள். அவர் கனநேரம் மீசையைத் தடவினார். பிறகு தாஸ் அண்ணையிடம், "ரெண்டு பேரும் பேசாமல் விடுவமே?" என்றார். தாஸ் அண்ணை அன்ரன் அத்தானைப் பார்த்தார், குசினி வாசலில் மாவுக் கையோடு நின்ற அக்காவைப் பார்த்தார். "ஓம். பேச்சு வேண்டாம்" என்றார். அந்த இரண்டு சங்கமும் சேர்ந்து எடுத்த முதலாவது தீர்மானம் அதுதான். கலியாணம் நடந்தது. கசெற்றில் இரண்டு தலைவர்களும் பள்ளிக்கூடப் பெடியள்போலப் பக்கத்தில் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நிற்பார்கள், நீ சின்னதில் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதராகிவிட்டார்கள் என்று நினைக்காதே. அப்பா சாகும்வரை ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அஸ்மராவின் நாலு ஊரும் ஒன்றையொன்று விரும்பின என்று செலாமும் சொல்லவில்லை. ஒரே இடத்தில் வந்து இருந்தார்கள் என்றுதான் சொன்னாள்.

நீ அடுத்ததாகக் கேட்கப் போவது தெரியும். ரூத்தின் அம்மா செலாம் இல்லை. செலாம் பிறகு பிராங்க்பேர்ட் பக்கம் போனாள், அங்கிருந்து ஊருக்குத் திரும்பினாள் என்று கேள்வி. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

மகனே, இரண்டு சாட்சியோடு போய்ப் பதிந்துவிட்டு வருவது இம்பிஸுக்குப் போகிற வேலை. வயிறு நிரம்பும், சண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் ஞானஸ்நானத்துக்கும் அதே சண்டை வரும், அப்போது நீ எந்த அலுவலகத்துக்குப் போவாய்? நீ பயந்தவன் இல்லை, ஒருவரையும் நோகடிக்க விரும்பாதவன், அது என்னிடமிருந்து வந்தது. ஆனால் நோகாமல் இருப்பதற்காக ஆட்களைப் பிரித்தே வைத்திருப்பது அவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை. தாஸ் பெரியப்பா ஏலாது என்று சொன்னால் அது அவருடைய முதல் சொல். அவருடைய இரண்டாவது சொல்லையும் நான் கேட்டிருக்கிறேன். இன்னொன்று. செலாமின் கதையை நான் அப்படியே எடுத்துச் செய்தபோது அது தோற்றது, எங்கள் குசினிக்கு ஏற்றதாக மாற்றியபோதுதான் வேலை செய்தது. ஆகவே நான் செய்ததையும் நீ அப்படியே செய்ய வேண்டாம். இப்போது கசெற்றும் இல்லை, எல்லோருடைய கையிலும் ஒரு கமெரா இருக்கிறது. உன் ஆட்களுக்கு வேறெங்கும் கிடைக்காதது என்ன என்று நீயும் ரூத்தும் இருந்து யோசியுங்கள். மண்டபத்தை மட்டும் விட்டுவிடாதே.

இதை இத்தோடு முடிப்போம் என்று நேற்று மூடி வைத்தேன். இன்று காலை எழும்பியபோது, மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது சரியில்லை என்று பட்டது. உன்னையும் கேட்கவில்லை, ரூத்தையும் கேட்கவில்லை. பஸ் எடுத்து ரூத்தின் அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது, நான் கலியாணத்தை நிறுத்த வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். என் டொச் இப்போதும் அவ்வளவு திறம் இல்லை. "உங்கள் ஆட்களில் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்கிறவர் யார்? அவரைப் பற்றி எனக்கு எல்லாம் சொல்லுங்கள்" என்று வாசலிலேயே கேட்டேன். அவர் கதவை அகலத் திறந்தார். நான் உள்ளே போய், கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன்.